ஒலியாற் படமெடுக்கும் தொழில்: எங்கே கற்பது?

சென்ற தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பாக அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலிருந்து எனக்கொரு கடிதம் வந்தது. மின்னஞ்சலில் வந்ததாயினும் முறைப்படி “மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு” என்றே அது தொடங்கியிருந்தது. எழுதியவர், நான் ஆசிரியத் தொழிலை மேற்கொண்ட முதலாண்டில் எனது பௌதிகவியல் வகுப்பிற் கடைசி வாங்கில் இருந்தவர். அவருக்கு இன்று 18 வயதில் ஒரு மகள் இருக்கிறாள் என்று வாசித்தபோது, என் தலையின் நரைக்கு வேறு சான்று வேண்டியதில்லை என எண்ணிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். மகள் ‘சோனோகிராபி’ என்னும் துறையிற் பயில விரும்புகிறாள். வீட்டிலிருந்து சென்றுவரக்கூடிய தூரத்தில் இரண்டு இடங்கள் உள. ஒன்று தனியார் பள்ளி. கட்டணம் அதிகமாயினும் பணத்தைக் கட்டினால் அடுத்த மாதமே சேர்ந்துவிடலாம். மற்றையது அரசாங்க உதவி பெறும் சமூகக் கல்லூரி. அங்கே உடற்கூற்றியல், கணிதம், பௌதிகம் முதலிய பாடங்களை முதலிற் படித்துச் சித்தியடைந்த பின்னரே மனுச் செய்யலாம். அதன் பின்னும் இடங்கள் மிகச் சில. பிள்ளை வீணாக ஒரு வருடம் காத்திருப்பானேன் என்பது தாயாரின் வாதம். தகப்பனார் ஒரு முடிவுக்கும் வர இயலாதவராய்ப் பழைய ஆசிரியரிடம் கேட்டிருந்தார்.

உண்மையைச் சொல்வதானால், என் மனமும் முதலில் தாயாரின் பக்கமே சாய்ந்தது. ஆயினும் தெரியாத விஷயத்தில் ஆலோசனை சொல்வது ஆசிரியனுக்கு அழகன்று. ஆகவே ஒரு மாத காலம் இதனைப் பற்றித் தேடி வாசித்தேன். வாசித்த பின்னர் என் எண்ணம் முற்றாக மாறியது. கடல் கடந்து வாழும் உறவினர் இல்லாத தமிழ்க் குடும்பம் இன்று அரிதாகையால், பிறர்க்கும் பயன்படும் என்று கருதி அதனை இங்கே எழுதுகிறேன்.

இப்பெண்ணின் பாட்டியார் எங்கள் ஊரிலேதான் இருக்கிறார். கோயில் வாசலில் என்னைக் கண்டபோது, “பேத்தி டொக்டருக்கோ படிக்கப் போறாள்?” என்று கேட்டார். அவர் கேட்டதிலே தவறில்லை. நம் நாட்டில் வயிற்றில் ‘ஸ்கான்’ பார்ப்பவர் பெரும்பாலும் வைத்தியரே. கருவியைப் பிடிப்பதும், படத்தைப் பார்ப்பதும், முடிவைச் சொல்வதும் அவரே. அமெரிக்காவிலோ இவ்வேலை இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. நோயாளியின் அருகிலிருந்து கருவியைப் பிடித்துப் படங்களைச் சேகரிப்பவர் சோனோகிராபர். பின்னர் அப்படங்களைப் பார்த்து அறிக்கை எழுதிக் கையொப்பமிடுபவர் வைத்தியர். முன்னவர் வைத்தியரல்லர், தாதியுமல்லர், தனியே பயின்று தனியே பரீட்சை எழுதிய ஒருவர். இப்பிரிவினையை மனதிற் கொள்ளாவிடின் பின்னர் நான் சொல்வது விளங்காது.

படமெடுப்பது எவ்வாறு? மனிதச் செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே கேட்கும். இக்கருவியோ செக்கனுக்குச் சுமார் 20 இலட்சம் முதல் 1 கோடி 50 இலட்சம் வரை அதிரும் ஒலியை உடலினுள்ளே செலுத்துகிறது. உறுப்புக்களின் எல்லைகளிற் பட்டு எதிரொலி மீள்கிறது. உடலின் மெல்லிய இழையங்களில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 1,540 மீற்றர் எனக் கொள்வர். எனவே, 10 சென்ரிமீற்றர் ஆழத்திலுள்ள ஓர் இடத்திலிருந்து எதிரொலி வந்துசேர ஏறக்குறைய 130 மைக்கிரோசெக்கன் செல்லும். (உயர்தர வகுப்பு மாணவர்கள் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம். போக்கும் வரவுமாகத் தூரம் 20 சென்ரிமீற்றர் என்பதை மறப்பவருக்குப் பாதி விடையே கிடைக்கும்.) இவ்வாறு மீளும் எண்ணிறந்த எதிரொலிகளின் நேரத்தையும் வலிமையையும் கணித்துக் கருவி திரையிலே படம் வரைகிறது. அதிர்வு கூடினாற் படம் நுட்பமாகும். ஆனால் ஒலி ஆழத்துக்குச் செல்லாது. குறைந்தால் ஆழத்துக்குச் செல்லும், நுட்பம் போய்விடும். நோயாளிக்கேற்ப இவ்விரண்டுக்கும் நடுவே எதனைக் கொள்வது என்று ஒவ்வொரு முறையும் தீர்மானிப்பது கருவியன்று, அதைப் பிடித்திருப்பவரே.

இவ்வித்தை வைத்தியசாலையிற் பிறந்ததன்று என்பது பலருக்குப் புதுமையாயிருக்கும். உலோகத்தினுள்ளே மறைந்திருக்கும் வெடிப்புக்களைக் கண்டறியத் தொழிற்சாலைகளில் மீயொலிக் கருவிகள் பயன்பட்டு வந்தன. கிளாஸ்கோ சர்வகலாசாலையில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராயிருந்த இயன் டொனால்ட் என்பவர், இரும்பில் வெடிப்பைக் காட்டும் கருவி உடலிற் கட்டியையும் காட்டாதோ என்று ஐயுற்றார். 1955ஆம் ஆண்டில், சத்திரசிகிச்சையால் அகற்றப்பட்ட கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, கொதிகலன் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குச் சென்றார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டும் அங்கே வைக்கப்பட்டது. நீர் நிறைந்த கட்டி ஒருவகையாகவும், தசைக்கட்டி வேறுவகையாகவும் எதிரொலி தந்தன. பின்னர் ரொம் பிரௌன் என்னும் இளம் பொறியியலாளரும், ஜோன் மக்விக்கர் என்னும் வைத்தியரும் துணை நிற்க, 1958ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ‘லான்செற்’ சஞ்சிகையில் அவர் தமது கட்டுரையை வெளியிட்டார். தீராத புற்றுநோய் என்று கருதப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் இருந்தது அகற்றக்கூடிய ஒரு நீர்க்கட்டியே என்பதை அவர்களுடைய கருவி காட்டிற்று. அவர் உயிர் பிழைத்தார். சுவீடனில் எட்லர், ஹேர்ட்ஸ் என்னும் இருவர் 1953ஆம் ஆண்டிலேயே இருதயத்தின் அசைவை இம்முறையாற் பதிவுசெய்திருந்தனர் என்பதையும் இங்கே குறிப்பிடல் வேண்டும்.

நிற்க. எக்ஸ்றேப் படத்துக்கும் இதற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. நெஞ்சை எக்ஸ்றே எடுத்தால் முழு நெஞ்சும் ஒரே தடவையிற் படத்தில் விழுந்துவிடும். எடுத்தவர் கவனியாத ஒன்றைப் பின்னர் பார்ப்பவர் கவனிக்கலாம். மீயொலிப் படமோ உடலை ஒரு கத்தியால் மெல்லியதாய் அரிந்து ஓர் அரிவை மாத்திரம் பார்ப்பது போன்றது. ‘புரோப்’ எனப்படும் கைக்கருவியைச் சிறிது சரித்தால் வேறோர் அரிவு தோன்றும். ஈரலின் ஒரு மூலையிலே சிறு கட்டி இருக்க, சோனோகிராபர் அம்மூலையைத் தடவிப் பாராது விட்டுவிட்டால், அறிக்கை எழுதும் வைத்தியர் எத்துணை வல்லவராயினும் அதனைக் காண மாட்டார். அவர் முன்னே உள்ள படங்களில் அது இல்லை. ஆகவே இத்தொழிலின் உயிர்நிலை கையிலே இருக்கிறது. கையோ புத்தகத்தாற் பழகுவதன்று. இங்கேதான் பள்ளியைத் தெரியும் பிரச்சினையும் தொடங்குகிறது.

எனது ஒன்றுவிட்ட சகோதரியின் மகள் ஒருத்தி அமெரிக்காவிலே வேறொரு மாநிலத்தில் வசிக்கிறாள். இங்கே பட்டம் பெற்று, மணமாகி அங்கு சென்றவள். நியூ ஜேர்சிக் கடிதம் வந்த பின்னரே, அவளும் இத்துறையிற் படித்தவள் என்பது நினைவுக்கு வர, தொலைபேசியில் அவளிடம் விசாரித்தேன். 18 மாதங்கள் ஒரு தனியார் பள்ளியிற் பயின்றிருக்கிறாள். பள்ளியின் பெயர் நமக்கு வேண்டியதில்லை. பாடங்கள் ஒழுங்காக நடந்தன, ஆசிரியர்களும் நல்லவர்களே. வைத்தியசாலைப் பயிற்சிக்குரிய காலம் வந்தபோது, இடத்தை மாணவரே தேடிக்கொள்ளுதல் வேண்டும் என்று சொல்லிவிட்டனர். அவள் எத்தனையோ வைத்தியசாலைகளின் படிகளில் ஏறி இறங்கி, ஈற்றில் ஒரு சிறிய மருத்துவ நிலையத்தில், வாரத்துக்கு இரண்டு நாள், பெரும்பாலும் அருகில் நின்று பார்க்கும் பயிற்சியையே பெற்றாள். பத்திரம் கிடைத்தது. உத்தியோகம் கிடைக்கவில்லை.

“மாமா, வேலை கேட்டுப் போனால் ‘ரெஜிஸ்ற்ரி’ இருக்கோ எண்டு கேட்கினம். ரெஜிஸ்ற்ரி சோதினைக்கு எழுதப் போனால், வேலை செய்த அனுபவம் இருக்கோ எண்டு கேட்கினம். நான் எந்தப் பக்கத்தாலை உள்ளுக்குப் போறது?” என்றாள்.

இவள் சொன்ன ‘ரெஜிஸ்ற்ரி’ யாதென்பதை விளக்குதல் அவசியம். ஏ.ஆர்.டி.எம்.எஸ். எனப்படும் அமெரிக்கப் பதிவகம் 1975ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. இது நடத்தும் பரீட்சைகள் இருவகை. ஒன்று, மீயொலியின் பௌதிகத்தையும் கருவியின் இயல்பையும் பற்றியது. இது பொதுவாக எல்லோருக்கும் உரியது. மற்றையது, வயிறு, மகப்பேறு, இருதயம், இரத்தக்குழாய் என்றாற் போன்ற ஒரு சிறப்புத் துறையைப் பற்றியது. இரண்டிலும் 5 ஆண்டுகளுக்குள்ளே சித்தியடைந்தவரே பதிவு பெற்றவராவர். சட்டம் எல்லா மாநிலங்களிலும் இதனைக் கட்டாயமாக்கவில்லை. ஒரிகன், நியூ மெக்சிக்கோ போன்ற சில மாநிலங்களே அனுமதிப்பத்திரம் கேட்கின்றன. ஆனால் வைத்தியசாலைகள் கேட்கின்றன. இருதயத் துறையினருக்கு வேறொரு சபையின் பரீட்சையும், எக்ஸ்றேத் துறையிலிருந்து வருவோர்க்கு அவர்களுடைய பதிவகத்தின் பரீட்சையும் உண்டெனினும், பெரும்பாலோர் நாடுவது இதனையே.

இப்பரீட்சைக்கு அமர்வதற்கு யார் தகுதியுடையவர்? துணைமருத்துவக் கல்வி நெறிகளை ஆராய்ந்து அங்கீகாரம் வழங்கும் சி.ஏ.ஏ.எச்.ஈ.பி. என்ற அமைப்பு அங்கே இருக்கிறது. அதன் அங்கீகாரம் பெற்ற நெறியில் முறையாகப் பயின்று முடிப்பவர், வேறு தொழில் அனுபவம் எதனையும் காட்டாமலே பரீட்சைக்கு மனுச் செய்யலாம். அவ்வங்கீகாரம் இல்லாத நெறியிற் பயின்றவர் வேறு வாயிலால் வருதல் வேண்டும். ஏதேனும் ஒரு பட்டம், அல்லது நோயாளரைப் பராமரிக்கும் ஒரு துறையில் இரண்டாண்டுப் படிப்பு. அதனோடு மீயொலித் துறையில் 12 மாத முழுநேர அனுபவம். முழுநேரம் என்றால் வாரத்துக்கு 35 மணித்தியாலம் வீதம் 48 வாரங்கள். கூட்டிப் பார்த்தால் 1,680 மணித்தியாலங்கள். பதிவு இல்லாதவருக்கு இந்த 1,680 மணித்தியால வேலையைக் கொடுப்பவர் யார்? என் மருமகள் சிக்கிக்கொண்ட வளையம் இதுவே.

“பள்ளிக்கு அங்கீகாரம் உண்டு என்று சேரும்போது சொன்னார்களே?” என்று கேட்டேன். உண்டுதான். அவர்கள் பொய் சொல்லவில்லை. அப்பள்ளி ஒரு கல்வி நிறுவனம் என்ற அளவில் அங்கீகாரம் பெற்றிருந்தது. அரசாங்கக் கல்விக் கடன் பெறுவதற்கு அது போதும். ஆனால் பள்ளிக்குக் கிடைத்த அங்கீகாரம் வேறு, அதனுள்ளே நடக்கும் சோனோகிராபி நெறிக்குக் கிடைக்கும் அங்கீகாரம் வேறு. இன்னும் நுணுகிப் பார்த்தால், அந்நெறிக்குள்ளேயும் வயிற்றுப் பகுதிக்கு அங்கீகாரம் இருக்க, இருதயப் பகுதிக்கு இல்லாதிருத்தலும் கூடும். விளம்பரத்திலே பெரிய எழுத்தில் ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்றிருந்தால், எது, யாரால் என்று கேளாமல் நம்பிவிடுகிறோம். இவ்வமைப்பின் இணையத்தளத்திலே எந்த நெறி, எந்தப் பகுதி என்பதெல்லாம் பட்டியலாக இருக்கின்றது. பார்ப்பதற்குக் காற்பணம் செலவில்லை. அவள் அப்படியொரு பட்டியல் இருப்பதை அறிந்தது பத்திரம் பெற்ற பின்னரே.

அவள் இப்போது ஒரு வைத்தியசாலையில் நோயாளரைத் தள்ளுநாற்காலியில் வைத்து அறைக்கு அறை கொண்டுசெல்லும் வேலை பார்க்கிறாள். ஸ்கான் அறையின் வாசல் வரையும் நாள்தோறும் போய் வருகிறாள்.

இதனைக் கேட்ட பின்னர், நியூ ஜேர்சித் தகப்பனாருக்கு நான் எழுதிய பதிலில் கட்டணத்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை. கட்டணத்தை அவரே ஒப்பிட்டுக்கொள்வார். அங்கீகாரம் உண்டா என்பதை முதலிற் பாருங்கள் என்றேன். அடுத்ததாக, வைத்தியசாலைப் பயிற்சிக்குரிய இடத்தைக் கல்லூரியே ஒழுங்குசெய்து தருமா, தருமாயின் எந்த வைத்தியசாலை, எத்தனை மணித்தியாலம், மாணவி தன் கையாலேயே ஸ்கான் செய்ய விடுவார்களா, அல்லது ஓரமாக நின்று பார்ப்பதுதானா என்று கேட்கச் சொன்னேன். கல்லூரியின் பயிற்சி அறையில் எத்தனை கருவிகள், அவற்றுக்கு எத்தனை மாணவர் என்பதையும் நேரிற் சென்று எண்ணிப் பார்க்கும்படி எழுதினேன். பத்துப் பேருக்கு ஒரு கருவி என்றால் ஒன்பது பேர் வேடிக்கை பார்ப்பவர்களே. அங்கீகாரம் பெற்ற நெறிகள், சேர்ந்தோரில் எத்தனை பேர் முடித்தனர், எத்தனை பேர் பரீட்சையிற் சித்தியடைந்தனர், எத்தனை பேருக்கு உத்தியோகம் கிடைத்தது என்ற கணக்கைப் பகிரங்கமாக வெளியிடல் வேண்டும் என்பது விதி. ஒரு வருடத்துக் கணக்கைப் பார்த்து மயங்காமல் மூன்று நான்கு வருடத்துக் கணக்கை வாங்கிப் பார்த்தல் நன்று.

வீட்டிலிருந்தே இணையவழியாகக் கற்பிக்கும் நெறிகளும் இக்காலத்தில் உண்டு. பௌதிகத்தையும் உடற்கூற்றியலையும் அவ்வாறு கற்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. கையைப் பழக்கும் பகுதியும் இணையவழியே என்று எவரேனும் சொன்னால், இணையவழியே நீச்சல் பழகியவனோடு கீரிமலைக் கேணியில் இறங்குவதற்கு ஒப்பாகும்.

நெறிகளின் கால அளவு பலவகை. எக்ஸ்றே போன்ற ஒரு துறையில் ஏற்கனவே பயின்றவருக்கு ஓராண்டு அல்லது ஒன்றரையாண்டுப் பத்திர நெறி உண்டு. பள்ளிப் படிப்பை முடித்து வருபவருக்கு ஈராண்டுச் சமூகக் கல்லூரி நெறி. நான்காண்டுப் பட்ட நெறியும் உண்டு. பள்ளியை விட்டு வந்த பிள்ளைக்கு, வேறு எவ்விதப் பயிற்சியுமின்றி, ஓராண்டிலே எல்லாம் கற்பித்துவிடுவோம் என்பவரிடத்திற் சற்று எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

பிள்ளையின் சுபாவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கருவுற்ற பெண்ணொருத்தி கணவனோடு சிரித்த முகமாய் வந்து படுக்கிறாள். திரையிலே குழந்தையின் இருதயம் அசையவில்லை. அதை முதலிற் காண்பவர் சோனோகிராபர். வைத்தியர் பார்த்துச் சொல்லும் முன்னர் அதனைச் சொல்ல அவருக்கு உரிமையில்லை. தாய் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர் முகத்தை மாற்றாமல் எஞ்சிய படங்களையும் எடுத்து முடித்தல் வேண்டும். இது ஒரு புறமிருக்க, கையை நீட்டிக் கருவியை அழுத்திப் பிடித்தவாறு நாள் முழுவதும் இருப்பதாற் தோளும் மணிக்கட்டும் நோவெடுப்பது இத்தொழிலோடு பிறந்த துன்பம். வட அமெரிக்காவில் இத்தொழிலாளரிடையே நடத்திய விசாரணைகளிற் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் வலியோடு வேலை செய்வதாகக் கூறியிருக்கின்றனர். நல்ல கல்லூரிகள் இருக்கும் முறையையும், கட்டிலின் உயரத்தை மாற்றிக்கொள்ளும் முறையையும் முதற் கிழமையிலேயே கற்பிக்கின்றன. சம்பளம் ஆண்டுக்கு 80 ஆயிரம் டொலருக்கு மேல் என்று சொல்லும் விளம்பரம் தோளைப் பற்றிச் சொல்வதில்லை.

கனடாவில் உறவினருடையோர் இவ்விதிகளை அப்படியே அங்கு கொண்டுபோய்ப் பொருத்தலாகாது. அங்கே ‘சோனோகிராபி கனடா’ என்ற அமைப்பு வேறு பரீட்சை நடத்துகிறது. நம்மவர் பெருந்தொகையினராய் வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில் 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் இத்தொழில் சட்டத்தாற் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. அதற்குரிய ஒழுங்குமுறைச் சபையிற் பதிவு பெறாதவர் அங்கே சோனோகிராபர் என்று வேலை செய்ய இயலாது. ஆகவே ரொறன்ரோவில் ஒரு பள்ளியைத் தெரியுமுன் அச்சபையைக் கேட்டு, அப்பள்ளியின் நெறியை ஏற்பார்களா என்று அறிந்துகொள்ளல் வேண்டும். இங்கிருந்து செல்ல எண்ணும் மாணவர்க்கு இன்னுமொரு வழி புலப்படுகிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணைச் சுகாதார விஞ்ஞான பீடத்தில் கதிர்ப்படவியல் பயில்பவர், நோயாளர் பராமரிப்புத் துறையில் ஏற்கனவே ஒரு படிப்பை முடித்தவராகையால், அங்கே சென்று குறுகிய நெறியிற் சேர்வது ஒப்பளவில் எளிது. இது நான் வாசித்து அறிந்ததேயன்றி, எவரையும் அனுப்பிப் பார்த்து அறிந்ததன்று.

தகப்பனார் நன்றி தெரிவித்து எழுதினார். தாயார் என் மீது சிறிது வருத்தம் என்றும் எழுதியிருந்தார்; தனியார் பள்ளிக்கு முற்பணம் கட்டியாகிவிட்டதாம், அதிற் பாதியே திரும்பிக் கிடைத்ததாம். பின்னர் மகளே ஆங்கிலத்தில் எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். சமூகக் கல்லூரியில் உடற்கூற்றியலும் பௌதிகமும் படிக்கத் தொடங்கிவிட்டாள். சனிக்கிழமைகளில் ஒரு வைத்தியசாலையிற் சம்பளமின்றித் தொண்டராக நிற்கிறாள். அங்குள்ள சோனோகிராபர் ஒருவர், நோயாளியின் சம்மதத்தோடு, ஒரு நாள் உள்ளே நின்று பார்க்க விட்டாராம். சாம்பல் நிறப் புகையைத் தவிரத் தனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று எழுதியிருந்தாள். கடிதத்தின் கீழே ‘டொப்ளர்’ விளைவு பற்றி ஒரு கணக்கைக் கேட்டிருந்தாள். அவளுடைய தகப்பனார் அந்நாளிற் கேட்ட அதே கணக்கு. விடையை எழுதி அனுப்பியிருக்கிறேன். சோனோகிராபி நெறிக்கு அவள் இனித்தான் மனுச் செய்யவேண்டும். இடம் கிடைக்கலாம், கிடையாமலும் போகலாம்.